படித்துக் காட்டிய சீட்டு

பள்ளிக் கூட்டத்துக்கு நானும் மகனும் வந்திருந்தோம். மனைவி ஷிப்டில் இருந்தாள், வரவில்லை. அவன் எடை கூடியிருப்பதாக எழுதிய சீட்டை டீச்சர் நீட்டினார்.

“இன்னாப்பா எழுதிகீது?” என்றான் மகன்.

நான் நான்காம் வகுப்பில் படித்தபோது வாத்தியார் கொடுத்தனுப்பிய சீட்டை நீட்டி அம்மாவும் என்னிடம் இதையே கேட்டாள். காக்களூர் பிஸ்கட் கம்பெனியில் அவளுக்கு பாக்கிங் வேலை. உடைந்த பிஸ்கட்டை வேலையாட்களுக்கு மலிவாகத் தருவார்கள். அவள் சேலையில்கூட அந்த இனிப்பு வாசனை அடிக்கும். வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சீட்டில், எடை கூடிவிட்டது, பிஸ்கட்டை நிறுத்தச் சொல்லி, சாயங்காலம் ஓடி விளையாட விடச் சொல்லி எழுதியிருந்தது.

“வெயிட்டு பத்தலியாம்மா. இன்னும் சாப்பிடணுமாம்” என்று படித்தேன்.

“பாத்தியா, எதிரூட்டுக்காரி குண்டு குண்டுன்னு கண்ணு வெச்சா, எளைச்சுட்ட! வாத்தியாருக்கே தெரிஞ்சிகீது, எனக்குத் தெரியல பாரு.”

அந்த வாரத்திலிருந்து ஒரு பொட்டலத்துக்குப் பதில் இரண்டு வந்தது. நான் இரண்டையும் தின்றேன். அதற்காகக் கம்பெனியில் டீ குடிப்பதை அவள் விட்டுவிட்டது பிறகுதான் தெரிந்தது.

மகனுக்குச் சீட்டை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அன்று நான் மாற்றிப் படித்ததை என் அம்மாவிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. அவள் குடிக்காத டீ, வாரத்துக்குப் பதினெட்டு ரூபாய்.