ஆற்றுக்குள் ஒரு விதைக்காய்

தண்ணீர் வராத அந்த வருஷத்தில் ஆற்றுக்குள்ளேயே வெள்ளரி போட்டது எங்கள் ஊரில் எங்கள் வீடு மட்டும்தான். சுவாமிமலைக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர். ஆனியில் வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. முந்தைய வருஷமும் குறுவை பொய்த்திருந்தது. குதிரில் மிஞ்சியிருந்த நெல் சாப்பாட்டுக்கே சரியாக இருந்ததால், அதை விற்றுக் காய்கறி வாங்க வழியில்லை. வெறும் புளிக்குழம்பும் துவையலுமாகச் சில வாரங்கள் போயின. ஒருநாள் அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.

மணலைத் தோண்டியதும் ஊற்று கண்டது. அதைச் சுற்றிக் குழிகள் போட்டு, எருவிட்டு, வெள்ளரியும் கொத்தவரையும் விதைத்தோம். பள்ளிக்கூடம் போகுமுன் அம்மாவோடு சேர்ந்து குடத்தில் மொண்டு ஊற்றுவது என் வேலை. சில நாள் நாங்கள் போகும்போதே குழிகள் நனைந்திருக்கும். "ஆத்து மணலோட குணம் அது" என்பாள் அம்மா.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் நெல்லைத் தவிர வேறெதையும் வெள்ளாமை என்று சொல்ல மாட்டார்கள். காய்கறி என்பது சந்தையில் வாங்குவது.

"நெல்லு போட்ட கையால வெள்ளரிக்குத் தண்ணி ஊத்தச் சொல்றியா?"

"உங்கள யாருங்க ஊத்தச் சொன்னா? சாப்பிட்டாப் போதும்."

சாப்பிட மட்டும் செய்தார். ஏது காய் என்று கேட்டதில்லை. விடியுமுன்பே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயலைப் பார்க்கப் போய்விடுவார். வெடித்துக் கிடக்கும் வயலில் தினமும் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு.

சித்தப்பா கரையில் நின்று கேலி செய்வார். "என்ன அண்ணி, ஆத்துக்கே பட்டா வாங்கிட்டீங்க போலிருக்கு?"

"தண்ணி வந்து காலி பண்ணச் சொன்னா பண்ணிட்டுப் போறோம், தம்பி."

அவர்தான் வெள்ளரிப் பச்சடியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அதனால், விதைக்கென்று கொடியில் விட்ட ஒரே காயை, அவர் கண்ணில் படாமல் அம்மா வைக்கோல் போட்டு மூடிவைத்தாள். அது இருக்கும் இடம் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். நன்றாகப் பழுத்தால்தான் விதை முளைக்கும், அந்த விதை இருந்தால்தான் அடுத்த தடவை யாரிடமும் கேட்காமல் போட முடியும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. ஆற்றில் தண்ணீர் இருந்த ஒரே இடம் எங்கள் ஊற்றுக்குழி. ஊர்ப் பெண்கள் காப்பரிசியும் காதோலை கருகமணியுமாக அங்கேதான் வந்தார்கள். கொடியை மிதிக்காமல் ஒதுங்கி நின்று, ஆறு சீக்கிரம் வரவேண்டும் என்று கும்பிட்டார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். காய் பழுத்த பிறகு வந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஆவணியில் ஒருநாள் மதகு திறந்து மூடும் லஸ்கர் சைக்கிளில் வந்து, மறுநாள் சாயங்காலத்துக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். பறிக்கக்கூடியதை எல்லாம் பறித்தோம். விதைக்காயில் மட்டும் அம்மா கை வைக்கவில்லை.

"இப்பத்தான் மஞ்சள் ஏறுது. தண்ணி வர்றவரைக்கும் கொடியிலயே இருக்கட்டும்."

மறுநாள் தண்ணீர் மதியமே வந்துவிட்டது. சருகும் நுரையுமாக மணலை நக்கிக்கொண்டு வந்தது. ஊரே கரையில் கூடியது. அம்மா கற்பூரத் தட்டோடு கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டாள். "அம்மா, வெதக்காய்!" என்று நான் கத்தி அழுதேன். "நல்ல நாளும் அதுவுமா அழுவாத" என்று யாரோ அதட்டினார்கள்.

அப்போது அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

"அண்ணே, தண்ணி அந்தப் பக்கம் வருது! எங்க போறீங்க?" என்று சித்தப்பா சிரித்தார்.

அப்பா திரும்பவில்லை. இரண்டு வருஷமாக எந்தத் தண்ணீருக்குக் காத்திருந்தாரோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக நடந்தார். எங்கும் நிற்கவில்லை, தேடவில்லை. கடைசி வரிசையில் குனிந்து வைக்கோலை விலக்கினார். அவர் காயோடு கரையேறுவதற்குள் தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டது. "பத்திரமா வை" என்று என் கையில் கொடுத்துவிட்டு வயலுக்குப் போனார். அம்மா தட்டைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

காய் கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த கோடையில் அந்த விதைகளைக் கொல்லையில் போட்டோம். ஆற்று மணலுக்கு இருந்த குணம் கொல்லை மண்ணுக்கும் இருந்தது. நான் குடத்தோடு போவதற்குள் குழிகள் நனைந்திருந்தன. நல்ல மண் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் கிளம்பினேன்.