எதிர் இறக்கை

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். போத்தனூர் ரோட்டில் பேலன்சிங் பட்டறை வைத்திருந்த அப்துல் வஹீதுக்கு மடியில் ஒரு கனமும் கிடையாது, பயம் மட்டும் கொள்ளாத அளவு இருந்தது. பட்டறையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போவார். பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். போதாததற்கு, பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று வீட்டுக்குப் போய் மனைவி ஹபீபுன்னிசாவிடம் கேட்பார். "நான் என்ன பூட்டுக்குள்ளயாங்க உக்காந்திருந்தேன்?" என்று அந்த அம்மாள் சோறு போட்டுக்கொண்டே சொல்வார்.

அவர் பார்த்த வேலையும் அப்படிப்பட்டதுதான். பம்போ மோட்டாரோ மில் விசிறியோ, சுழல்கிற சாமான் எதுவானாலும் நடு அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஓடுகிற பொருளின் குணம் நேராக ஓடுவது. சக்கரத்தில் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிற துளி இரும்பும் நேராகப் பிய்த்துக்கொண்டு ஓடத்தான் பார்க்கும். அச்சு அதை உள்ளே இழுத்துப் பிடிக்கும், அது அச்சை வெளியே இழுக்கும். எதிர்ப்பக்கத்திலும் அதே கனம் இருந்தால் இரண்டு இழுப்பும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். இல்லையென்றால் அத்தனை உதையும் அச்சைத் தாங்குகிற பேரிங்குக்குத்தான். வேகம் இரண்டு மடங்கானால் உதை நாலு மடங்கு. எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருப்பதற்குச் சமச்சீர் என்று பேர் என பாலிடெக்னிக்கில் படித்ததை வஹீது மறக்கவில்லை.

மறக்காத விஷயம் இன்னொன்றும் உண்டு. இந்த விதிகளுக்குச் சொந்த ஊர் கிடையாது. போத்தனூரில் ஒன்று, சென்னிமலையில் ஒன்று என்று அவை மாறிக்கொள்வதில்லை. நேற்றைக்கு ஒரு நியாயம் இன்றைக்கு ஒரு நியாயம் என்பதும் இல்லை. மனுஷனை நம்ப முடியாத உலகத்தில் இதையாவது நம்பலாமே என்று அவருக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆயுத பூஜையன்று காலையில் அந்த நிம்மதிதான் அவரைப் போட்டு வதைத்தது.

சூலூரில் ஒரு நூற்பாலை. உள்ளே ஈரக்காற்றைத் தள்ளுகிற பெரிய விசிறியின் சக்கரத்தை அந்த வாரம்தான் அவர் பட்டறையில் பேலன்ஸ் பண்ணிக் கொடுத்திருந்தார். ஆள் உயரத்துக்கு முக்கால்வாசி இருக்கும் அந்தச் சக்கரம் அவருடைய பெஞ்சில் பூனை மாதிரி சத்தமில்லாமல் சுழன்றது. பூஜையன்று காலை பக்கத்து டீக்கடைக்கு போன் வந்தது. பேசியவர் மில் சூப்பர்வைசர் மோகன்குமார்.

"பாய், விசிறி ஆடுதுங்க. செத்த நேரம் ஓட்டிப் பார்த்தோம், தரையே அதிருது. நிறுத்திப்போட்டோம். மொதலாளி குடும்பத்தோட பன்னெண்டு மணிக்கு முன்னால வந்து சுச்சு போடுவாரு. நல்ல நேரம் தப்பக்கூடாதுங்கறாரு. ஆடுனாலும் போடத்தான் போறாருங்க."

"போட வேண்டாமுங்க! நான் வாரேன், இதோ வாரேன்," என்றார் வஹீது. ரிசீவரை வைத்ததும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார்.

உக்கடத்தில் சூலூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மனம் அந்த ஒரே இடத்தில் போய் நின்றது. களிமண். கனம் எங்கே குறைகிறது என்று கண்டுபிடிக்க முதலில் சக்கரத்தில் துளிக் களிமண் ஒட்டி ஓட்டிப் பார்ப்பார். இடம் சரியாக அமைந்ததும் களிமண்ணை எடுத்துவிட்டு, அதே எடைக்கு இரும்புத் துண்டை வெல்டு வைப்பார். வெல்டு வைத்தோமா? வைத்த மாதிரிதான் இருந்தது. வைத்த மாதிரி இருந்ததா, வைத்தோமா? களிமண்ணோடு அனுப்பியிருந்தால் அது பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அடுத்து பேரிங் போகும். அப்புறம் சக்கரமே கூட்டை உடைத்துக்கொண்டு, கைகூப்பி நிற்கிற ஜனங்கள் மேல்... யா அல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

விதி மாறாது. போத்தனூரில் ஆடாத சக்கரம் சூலூரிலும் ஆடக்கூடாது. ஆடுகிறதென்றால், ஒன்று சக்கரத்தில் ஏதோ மாறியிருக்க வேண்டும், அல்லது அது போத்தனூரிலேயே சரியாக இருந்திருக்காது. சரியாக இருக்கிறது என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்ட ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். அந்த ஆளை வஹீதுக்கு நன்றாகத் தெரியும். இன்று இது தன் தப்பென்றால் இனி எந்தச் சக்கரத்திலும் கை வைப்பதில்லை என்று சிங்காநல்லூர் தாண்டும்போது முடிவு செய்தார்.

மில்லில் வாழைக்கன்று கட்டி, மாவிலை தொங்கவிட்டிருந்தார்கள். வஹீது யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் விசிறி அறைக்குள் ஓடினார். பெல்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். வெல்டு வைத்த இரும்புத் துண்டு அங்கேயே இருந்தது. தட்டிப் பார்த்தார், கல்லாட்டம் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நிம்மதி ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை. இது இல்லையென்றால் வேறு என்ன?

எழுந்து மறுபடி டார்ச் அடித்தபோதுதான் இறக்கைகள் பளபளவென்று இருப்பதைக் கவனித்தார். அவர் அனுப்பியபோது எல்லாம் மங்கிய செம்மண் நிறத்தில் இருந்தன. இப்போது வெள்ளிப் பெயிண்ட். கையால் சக்கரத்தைச் சுற்றினார். வெள்ளி, வெள்ளி, வெள்ளி. பாதி சுற்று வந்ததும் செம்மண். அதற்கப்புறம் எல்லாமே செம்மண்.

"இதுக்குப் பெயிண்ட் அடிச்சது யாருங்க?"

மோகன்குமாருக்குப் பின்னால் விளக்குமாற்றோடு நின்ற பழனாத்தாள், அந்த அறையைக் கூட்டுகிறவர், மெல்ல முன்னால் வந்தார். "நாந்தானுங்க. பூசைக்கு எல்லா மிசினுக்கும் அடிச்சாங்க, இது மட்டும் மொட்டையா இருந்துச்சு. மிச்சப் பெயிண்டு ஒரு டப்பா இருந்துச்சுங்க. கதவு வழியாக் கை எட்டுன மட்டும் அடிச்சேன். சாமிக்குச் செய்யறதாச்சேன்னு ரெண்டு மூணு கை கெட்டியாவே அடிச்சுப்போட்டேன். சக்கரத்தத் தொட்டுத் திருப்புனா வைவாங்கன்னு திருப்பலீங்க."

மோகன்குமாரின் முகம் சிவந்தது. "உன்னைய ஆரு அடிக்கச் சொன்னா? மொதலாளி வரட்டும். நாளையிலிருந்து வேலைக்கே வர வேண்டாம்!"

தப்பு தன்னுடையதில்லை. காலையிலிருந்து வஹீது அல்லாவிடம் கேட்டது இதைத்தான், கேட்டது கிடைத்தும்விட்டது. சந்தோஷப்படலாம் என்று தலையைத் தூக்கினால் எதிரே பழனாத்தாளின் முகம். கண் ஓரிடத்தில் நிற்கவில்லை, உதடு காய்ந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அந்தப் பயத்தை இன்னொருத்தர் முகத்தில் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"அவங்களை வையாதீங்க சார். பெயிண்ட் அடிச்சது தப்பில்லீங்க, பாதியில நிறுத்துனதுதான் தப்பு. பெயிண்ட் அடிச்சா முழுசா அடிங்கன்னு நானும் சொல்லி அனுப்பியிருக்கோணும்."

"செரி பாய், சொரண்டி எடுத்துப்போடலாமா?"

"சொரண்டுனா ஒரு பக்கம் போகும், ஒரு பக்கம் நிக்கும். அதுக்குப் பதிலா மீதிப் பாதியையும் அடிச்சுரலாமுங்க. அதே பெயிண்ட், அதே கை. அம்மணி, நீங்களே அடிங்க. நான் திருப்பறேன்."

வஹீது சக்கரத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க, பழனாத்தாள் அடித்தார். சீக்கிரம் காய்கிற பெயிண்ட்தான். இருந்தும் இரண்டு ஸ்டாண்ட் ஃபேன்களைக் கொண்டுவந்து வைத்துக் காய வைத்தார்கள். வஹீது விரலால் தொட்டுப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு கை கூடியிருந்தால்? குறைந்திருந்தால்? ஓட்டிப் பார்க்க நேரமிருக்குமா? பெல்ட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே முதலாளி குடும்பம் வந்து இறங்கிவிட்டது. நேரமில்லை.

கற்பூரம் காட்டினார்கள். "அறையைப் பாத்துக்கறவளே பொட்டு வெக்கட்டும்," என்றார் முதலாளியின் மனைவி. பழனாத்தாள் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தில் ஒரு விரல் நிறைய எடுத்து, கதவுக்குள் கை விட்டு ஓர் இறக்கையில் அப்பினார்.

வஹீது எட்டி அந்த இறக்கையைப் பார்த்தார். அந்தத் துளிச் சந்தனத்தால் ஒன்றும் ஆகாது என்று கணக்குச் சொன்னது. பயம் என்றைக்குக் கணக்கைக் கேட்டது? வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பூஜை அவர்களுடையது, சொல்வதற்குத் தான் யார்?

பழனாத்தாள் கையை எடுக்கவில்லை. சக்கரத்தைப் பிடித்து, பயப்படாமல், பாதி சுற்றுத் திருப்பினார். எதிர் இறக்கை கதவுக்கு நேராக வந்து நின்றது. அதே அளவு சந்தனம் எடுத்து அதிலும் வைத்தார்.

"ஒருத்திக்கு வெச்சுப்போட்டு எதுத்தாப்புல இருக்கறவளை விட்டா நல்லாவா இருக்குமுங்க?" என்றார், பொதுவாக எல்லோரையும் பார்த்து.

கதவை மூடிப் போல்ட் முடுக்கினார்கள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க," என்று வஹீது கெஞ்சாத குறையாகச் சொல்லி, எல்லோரையும் சுவரோரம் ஒதுக்கினார். அவர் மட்டும் பேரிங் கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். முதலாளி சுவிட்சைப் போட்டார். சக்கரம் முனகி எழுந்தது, வேகம் பிடித்தது, முழு வேகத்துக்கும் வந்தது. அறை முழுவதும் காற்றுச் சத்தம் மட்டுமே இருந்தது.

"நின்னு போச்சுங்களா, ஓடுதுங்களா? ஒரு அதிர்வும் காணோமே!" என்று மோகன்குமார் சிரித்தார். "கையை எடுங்க பாய், போதும்."

வஹீது எடுக்கவில்லை. எடுத்தால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். விசிறி ஆடவில்லை, அவர் கைதான் ஆடிக்கொண்டிருந்தது.