வாசலில் பதினொரு போல்ட்டுகள்

பனிக்காலம் முடியும் தறுவாயில், என் மனைவி ஓட்டும் வேனின் எஞ்சின் முன்புறத்திலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டியது எங்கள் வீடு. அங்கிருந்து விடியுமுன் புறப்பட்டு, திருக்கழுக்குன்றத்திலும் செங்கல்பட்டிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த தொழிற்சாலை வாயிலில் இறக்கிவிடுவது அவள் தொழில். ஒருநாள் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னொரு முறை நின்றால் அந்தத் தடத்தை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவதாக ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். பட்டறையில் நான்கு நாள் கேட்டார்கள். அவளுக்கு இருந்தவை சனியின் பாதியும் ஞாயிறும். மணத்துக்கு முன் ஆறாண்டுகள் எஞ்சின் பூட்டும் ஆலையில் நின்றவள். தானே ஸ்பேனரை எடுத்தாள்.

அவள் புல்லியின் பெரிய போல்ட்டைத் தளர்த்தும்வரை, எஞ்சின் சுழலாதபடி வண்டியைக் கியரில் போட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பது என் வேலை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால், சவுக்குத் தோப்பின் இடைவெளிகளில், கடல் அசையாத நீலத் துணியாகத் தொங்கியது. தொலைவில் சிற்பக்கூடங்களின் உளியோசை காற்றோடு வருவதும் கரைவதுமாக இருந்தது. சற்று நேரத்தில், எது உளி, எது ஸ்பேனர் என்று பிரித்தறிய முடியாத மயக்கம் எனக்கு.

எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவர் கழன்றதும் அழைத்துக் காட்டினாள். அதுவரை வெளிச்சமே புகாத அறையில், எண்ணெயில் ஊறிய சங்கிலி இரு பற்சக்கரங்களை அணைத்தபடி தேன்நிறத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. பார்க்கலாம், தொடலாகாது என்றாள்.

கவரைப் பிடித்திருந்த பதினொரு போல்ட்டுகளும் ஒரே நீளம் அல்ல. ஆலையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தட்டு உண்டாம். இங்கே அவள் வாசலின் சிமெண்டுத் தரையில் கோலமாவால் கவரின் வடிவை வரைந்து, எந்தத் துளையில் எது இருந்ததோ அந்த இடத்தில் அதை நிறுத்திவைத்தாள். பிறகு கசிவை அடைக்கும் புதிய பேக்கிங்கும் ஆயில் சீலும் வாங்கச் செங்கல்பட்டுக்குப் பேருந்து ஏறினாள்.

விளக்கேற்றுமுன் வாசலைப் பெருக்கிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்; அவள் இல்லாத மாலைகளில் அது என் பொறுப்பு. காற்றின் தாலாட்டில் பாதித் தூக்கத்திலிருந்து எழுந்தவன், போல்ட்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளக்கச் செய்து ஒரே டம்ளரில் இட்டேன். தரையை மாசறப் பெருக்கினேன். விளக்கையும் ஏற்றினேன். மனம் நிறைந்திருந்தது.

திரும்பி வந்தவள் முதலில் தரையைப் பார்த்தாள், பின் டம்ளரை, கடைசியாக என்னை.

"வெளக்கு வைக்கசொல்ல பெருக்கணும், சரி. அதுக்குன்னு என் எஞ்சினையுமா பெருக்குவாங்க?"

படியில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் விளக்கினாள். நீளமானது குட்டைத் துளையில் இறங்கினால் உட்சுவர் பிளக்கும். குட்டையானது நீளத் துளையில் பிடி கொள்ளாது, எண்ணெய் மீண்டும் கசியும். படிந்திருந்த அழுக்கின் கோட்டைப் பார்த்தாவது ஆழத்தை அறிந்திருக்கலாம். அதையும் நான் கழுவியிருந்தேன்.

"சுவரு பொளந்துக்கிச்சின்னா திங்கக்கெழம ட்ரிப்பு மட்டும் இல்லீங்க, வண்டியே இல்ல."

காலையில் அவள் கவரை அதன் இடத்தில் பொருத்திப் பிடிக்க, நான் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி ஒவ்வொரு துளையிலும் அடி தட்டும்வரை நுழைத்து, அந்த அளவில் ஒடித்துப் போல்ட்டுகளோடு ஒப்பிட்டேன். வலையோடு கரையேறி வந்த அண்டைவீட்டுக்காரர் வேலியருகே நின்றார்.

"இன்னா அண்ணாத்த, வண்டிக்குக் காது கொடையிறியா?"

அவள் சிரித்தாள். முந்தைய மாலைக்குப் பின் அதுவே முதற்சிரிப்பு. பத்துத் துளைகள் ஐயமின்றி விடை சொல்லின. ஒன்றின் ஆழம் மட்டும் ஐந்து குட்டைத் துளைகளோடு ஒத்திருந்தது. ஆனால் மிஞ்சியிருந்ததோ நீளமான போல்ட். அவள் அந்தத் துளைக்குள் உற்றுப் பார்த்தாள். பின் துளைக்குள் கம்பியை விட்டுக் குடைந்தாள். இறுகிப்போன பழைய பசை சுருள் சுருளாக வெளிவந்தது. மறுபடி நுழைத்த ஈர்க்கு, இன்னும் ஒரு விரற்கடை உள்ளே இறங்கியது.

அதன்பின் எல்லாம் மெதுவாக நடந்தன. பழைய பேக்கிங்கை வெங்காயத் தோலாக உரித்தாள். புதியதைச் சுருக்கமின்றிப் படியவைத்தாள். போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக முடுக்கினாள். பொழுது சாயும் வேளையில் எஞ்சின் இருமாமல் எழுந்தது. அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்துவைத்தோம். திங்கள் விடியுமுன் அதை எடுத்துக் கைவிளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கறைபடாத தாளை என் கையில் கொடுத்துப் புறப்பட்டாள்.

கிழக்கு வெளுத்த பிறகு தொலைபேசி ஒலித்தது. கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"வந்து சேந்துட்டேன். கேட்டு தெறக்க இன்னும் நேரம் கீது. எல்லாம் தூங்கினு கீறாங்க. எழுப்ப மனசு வரல."

எண்ணெய் கருகும் நாற்றத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி, இத்தனை நாளும் வழியெல்லாம் விழித்தே வந்தவர்கள் அந்தப் பெண்கள். அவள் தொலைபேசியை அணைக்கவில்லை. சூடு தணியும் எஞ்சினின் சிறு சொடுக்கொலிகள் மட்டும், நிதானமாக, என் காதில் விழுந்துகொண்டிருந்தன.