ராகு காலத்தில் படம் எடுக்காத ஸ்கிரிப்ட்

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் வழியில் ஒரு மாடியில்தான் எங்கள் டேட்டா என்ட்ரி ஆபீஸ். முதலாளி குமரவேல் சார். நான் சிஸ்டம் அட்மின். டைப் செய்ய ஐந்து பெண்கள். ஒரே ஒரு சென்னைக் கம்பெனிதான் எங்களுக்கு வேலை கொடுத்தது. அந்த கான்ட்ராக்ட் போனால் ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான்.

திடீரென்று அவர்கள் ஒரு புது கண்டிஷன் போட்டார்கள். வேலை நடப்பதற்கு ஆதாரமாக, பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வேண்டுமாம். அதற்கு சாஃப்ட்வேர் விற்கிறார்கள் என்றேன். சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓசியில கெடைக்குதுன்னுதானே லினக்ஸ் போட்டோம்? நீயே ஒண்ணு எழுதிடும்மா."

எழுதினேன். திரையைப் படம் எடுத்து, நேரத்தையே ஃபைல் பெயராக வைத்து, ஃபோல்டரில் போடும் நாலு வரிப் புரோகிராம், சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். லினக்ஸில் அலாரம் வைத்த மாதிரி வேலைகளைக் கிளப்பிவிடும் கிரானில் மாட்டிவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும். என் கெட்ட நேரம், இதை சாருக்கு விளக்கிச் சொன்னேன்.

"இரு இரு. ஒவ்வொருவாட்டியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்குமா?"

"ஆமா சார்."

"அப்போ ராகு காலத்துலயும் புதுசா ஆரம்பிக்குமே!"

ராகு காலத்தில் பேனா மூடியைக்கூடத் திறக்காத மனிதர். அவர் சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். காலண்டரைப் பார்த்து, ராகு காலமென்றால் ஓடாதே என்று கிழமைக்கு ஒரு இஃப் கண்டிஷன் போட்டேன். அந்த நேரத்தில் பெண்கள் டைப் செய்துகொண்டே இருப்பார்கள், ஸ்கிரிப்ட் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தது. அதை முடிவு செய்பவர் சென்னைக் கம்பெனியின் நிர்மலா மேடம். ஒரு வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு வீடியோ காலில் வந்தார். சிரிப்பு என்பதே கிடையாது.

"பௌர்ணமி கிரிவலத்துக்கு ஊரே கூட்டம், பஸ்ஸு வராதுன்னு லீவு கேட்டீங்க, குடுத்தேன். இது என்னங்க? செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு மேல படம் இல்ல. புதன்கிழமை பன்னெண்டுக்கு மேல இல்ல. இன்னிக்குப் பத்தரையிலேர்ந்து இல்ல. திங்கக்கிழமை மட்டும்தான் ஒழுங்கா வேலை செய்யறீங்களா?"

திங்கட்கிழமை ராகு காலம் நாங்கள் ஆபீஸ் திறக்கும் முன்பே முடிந்துவிடும். அதை எப்படிச் சொல்வது? சார் வாயைத் திறக்கவில்லை, ராகு காலமாயிற்றே. டைப் சத்தம் மொத்தமாக நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லி, அந்த நேரங்களில் சேவ் ஆன ஃபைல்களையும் காட்டினேன்.

மேடம் திரும்பி, பின்னால் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குங்க கிரான்? திரும்பத் திரும்பச் சுத்தற மாதிரி ஒரு வொயில் லூப் போடுங்க, நடுவுல பத்து நிமிஷம் தூங்கச் சொல்லி ஸ்லீப் குடுங்க. நல்ல நேரத்துல ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிட்டு, நிறுத்தாம விட்டுருங்க. அது புதுசா ஆரம்பிக்காது, ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

சார் எழுந்து நின்று கும்பிட்டார். நான்தான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மேடம், கான்ட்ராக்ட்டு..."

"மெயில் வரும்." கால் கட் ஆனது.

மெயில் வரவில்லை. பதினொன்றரை ஆயிற்று. டைப் செய்யும் மல்லிகா, சாப்பிடாத டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "வேற எடம் பாத்துக்கணும் போலக்கா" என்றாள். லூப்பை எழுதி முடித்திருந்தேன். ஓட்டத்தான் சார் விடவில்லை.

பன்னிரண்டு மணி தாண்டியதும் மெயில் வந்தது. கான்ட்ராக்ட் இன்னும் ஒரு வருஷத்துக்கு.

சார் காலண்டரை ஒரு பார்வை பார்த்தார். "ராகு காலம் முடியட்டும்னு இருந்திருக்காங்கம்மா. இப்ப ஓட்டு" என்றார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, கிரானா லூப்பா என்று முடிவு செய்யும் முன் முதலாளியின் சுவரில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். முடிந்தால் கிளையண்டின் சுவரையும்.