மெசினில் தண்ணீர் சூடாகவில்லை

எங்கள் வீட்டுக்கு உடுப்புத் துவைக்கும் மெசின் வந்தபோது எனக்கு எட்டு வயது. கல்குடாவில் அப்பா இரவுக் காவல் பார்த்த விடுதியில் புதியதை வாங்கிவிட்டு, பழையதை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீரைத் தானே சூடாக்கிக்கொள்ளும் மெசின்.

வந்த புதிதில் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் வீட்டுக் கரண்ட் முழுவதும் விழுந்துவிடும். விடியப்புறம் வந்து படுத்த அப்பாவின் தலைக்கு மேலே ஃபேன் நிற்கும். தகரக் கூரை வெக்கையில் வேர்த்து எழும்பி வருவார். ட்ரிப் சுவிச்சைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுப்பார். சில கிழமை போனதும் அந்தப் பழக்கம் தானாகவே நின்றது. மெசின் நம்மோடு பழகிவிட்டது என்றார் அம்மா.

பிறகுதான் தம்பிக்குச் சொறி வந்தது. விரலிடுக்கெல்லாம் கொப்புளம். இரவில் அவன் அழ அழ அம்மா தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். டாக்டர் மருந்து தந்து, உடுப்பு, விரிப்பு எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் துவைக்கச் சொன்னார். அம்மாவும் மெசினில் ஆகக் கூடிய சூட்டை வைத்துத் துவைத்தார். மருந்து முடிந்தது, சொறி போகவில்லை. ஒருநாள் மெசின் ஓடும்போது அதன் கண்ணாடிக் கதவில் விளையாட்டாகக் கன்னத்தை வைத்தேன். குளிர்ந்தது. நான் சொன்னதும் அம்மா வந்து தொட்டுப் பார்த்தார். அன்றே தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்.

வயரிங் வேலை செய்யும் மாமா அடுத்த நாள் பகல் வந்தார். பிளக்கைப் பார்த்தார், பட்டனைத் திருப்பிப் பார்த்தார், கடைசியில் பின்தகட்டைக் கழற்றினார். சூடாக்கும் கம்பிக்குப் போகிற வயர் தனியே தொங்கியது. நுனியில் கறுப்பு டேப் பக்குவமாகச் சுற்றியிருந்தது.

“தங்கச்சி, இது எரிஞ்சதில்ல. ஆரோ கழட்டி வெச்சிரிக்காங்க.”

எங்கள் வீட்டில் திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அம்மா அறைப் பக்கம் பார்த்தார். ஃபேன் காற்றில் அப்பா வாயைத் திறந்தபடி நித்திரையாகக் கிடந்தார்.

“வயர அந்தக் கம்பியில பூட்டிவிடட்டா? ஆனா திரும்பவும் கரண்ட் விழும். வேற கம்பி கிடைச்சாத்தான் சரிவரும்.”

“வேணாம் அண்ணன். மூடுங்க.”

மாமா போனதும் அம்மா கிடாரத்தில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் ஏற்றினார். பின்னேரம் எழும்பி வந்த அப்பா, மெசின் இருக்க இதென்ன வேலை என்று கேட்டார். கொதித்த தண்ணீர்தான் சொறிக்கு நல்லதாம் என்றார் அம்மா. அப்பா வேறு கேட்காமல் கிடாரத்தின் மற்றக் காதைப் பிடித்து இறக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டார்.

கிழமைக்கணக்காக அந்தப் புகையிலேயே அம்மாவின் பகல்கள் போயின. மருந்தும் திரும்ப வாங்கிப் பூச, தம்பியின் கை மெல்ல மெல்லக் காய்ந்தது. அம்மா இருந்த இடத்திலேயே தூங்கி விழுவார். எனக்கோ அப்பா மேல் கோபம். அவர்தானே கழற்றினார், ஏன் கேட்கவில்லை என்று ஒருநாள் அம்மாவை உலுப்பிக் கேட்டேன்.

அறையில் அப்பாவின் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே அம்மா சொன்னார்: “கேட்டா அவர் வயரத் திரும்பப் பூட்டிப்போடுவார், மகள்.”

நமக்கு வேண்டியதும் அதுதானே என்று நினைத்தேன்.