புத்தகத்தில் மட்டும் விழுந்த வெளிச்சம்

பேய், பிசாசு, முனி எதையும் நான் நம்பியதில்லை. இன்றைக்கும் நம்பவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

தமிழர் வீடுகளைத் தேடித் தாக்கிய கலவர நாட்கள் அவை. ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து கட்டுகஸ்தோட்டையில் குடியிருந்தோம். விடிந்தால் எனக்குப் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சை, தாவரவியல். பாதிப் புத்தகத்தைப் புரட்டவே இல்லை. பொழுது சாய்ந்ததும் ஊரடங்கு, கரண்டும் இல்லை. விளக்கேற்றப் போனால் அப்பா தடுத்தார்.

"வெளிச்சம் தெரிஞ்சா கல்லு வரும். பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம், படு."

"நான் போவேன், எழுதுவேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போய், ஜன்னலில் கம்பளி தொங்கிய அந்தக் கும்மிருட்டில், வீம்புக்குத்தான், புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுத்துத் தெரிந்தது. என் கை தெரியவில்லை, மடி தெரியவில்லை, புத்தகம் மட்டும் பட்டப்பகலில் பார்ப்பது போலத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நீ யாரா இருந்தாலும் சரி, நான் முடிக்கிற வரைக்கும் போயிறாத" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, வேரிலிருந்து பூ வரைக்கும் வாசித்தேன்.

சுவரைத் தடவிக்கொண்டு அம்மா வந்தார். "இருட்டுல என்னா புள்ள செய்ற?"

"படிக்கிறேன்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. நம்பாமல், புத்தகத் தட்டில் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளை உருவி என் மடியில் போட்டு, "எங்க, இத வாசி" என்றார். தாளும் எனக்கு வெளிச்சமானது. வாசித்தேன்: மழையில் பாதை சரிந்தது, பஸ்ஸில் வந்தவர்கள் நடந்தே ஊர் சேர்ந்தார்கள், ஒரு தாய் மட்டும் பிள்ளையைத் தேடிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ பாவம்" என்றார் அம்மா. அதற்குப் பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

விடிந்து ஊரடங்கு நீங்கியதும் அப்பா வாசலை மறித்தார். "விடுங்க, அவ போகட்டும்" என்றார் அம்மா. போனேன், எழுதினேன், பாஸானேன்.

அன்று காலை போகுமுன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். முழுக்கச் சிங்களம். எனக்குச் சந்தையில் பேசுகிற அளவுக்குத்தான் சிங்களம் வரும். ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது, அன்றும் இன்றும்.

தாள் என் அலுமாரியில்தான் இருக்கிறது. சிங்களம் படித்த என் மகள், "தாங்கம்மா, வாசிச்சுச் சொல்றேன்" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். கொடுக்கவில்லை. அதில் அந்தத் தாய் இல்லாவிட்டால் பரவாயில்லை. இருந்துவிட்டால்?