கரிக்குள் இருந்த இலை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கரி என்றால் அடுப்பில் மிஞ்சுவது. வேறு கரி கிடையாது. அதனால்தான், மழை அரித்த தெமோதரை தண்டவாள ஓரத்தில் நான் கண்டெடுத்த கறுப்புத் துண்டை யாரும் மதிக்கவில்லை. நிலக்கரி பற்றிய பாடம் அந்த வாரம்தான் நடந்திருந்தது. விஞ்ஞானக் கண்காட்சிக்காக எங்கள் வகுப்பிலிருந்து ஒருவர்தான் பதுளைக்குப் போகலாம். அது நான்தான் என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

கொழுந்து லொறி ஓட்டும் மாமா வழியிலேயே பார்த்துவிட்டார்.

"என்னா மருமகளே, கரிய மட்டும் கொண்டுபோற? அடுப்பையும் தூக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

லயமே சிரித்தது. வகுப்பிலும் அதே கதை. விறகுக் கரியெல்லாம் கண்காட்சிக்கு ஆகாது, மேசையிலிருந்து எடு என்றார் ஆசிரியர். எடுத்துத் தரையில் வைத்தேன். வைத்தேன் என்பதைவிடப் போட்டேன். அது தகடாகப் பிளந்தது. உள்ளே ஓர் இலை, நடுநரம்பும் கிளை நரம்புகளுமாக, அச்சடித்தது போல.

"எரிஞ்ச எலையில நரம்பு இருக்குமா சேர்?"

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் விடவில்லை. பாடத்தை வரிசையாக ஒப்பித்தேன். செடி சதுப்பில் விழ வேண்டும். காற்றுப் படாமல் சேறு மூட வேண்டும். மேலே மண் ஏறி அமுக்க வேண்டும். பூமியின் சூட்டில் கோடிக்கணக்கான வருடம் கிடக்க வேண்டும். கடைசியில் என் சொந்தக் கண்டுபிடிப்பையும் சேர்த்தேன்: இது தேயிலை. எனக்கு நன்றாகத் தெரிந்த இலை அது ஒன்றுதான்.

ஆசிரியர் மறுக்கவில்லை. பதுளையில் 'தேயிலை நிலக்கரி' முதற்பரிசு பெற்றது. மாமா என்னை லொறியில் ஏற்றி, ஹோன் அடித்தபடி தோட்டம் முழுக்கச் சுற்றினார். கேட்டவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக் கரிக்குத்தாங்க பரிசு" என்றார்.

இன்று நான் பாறைகளைப் படித்தவள். அந்த இலை தேயிலை இல்லை. பூக்கும் செடிகளே உலகில் தோன்றாத காலத்துச் சதுப்பில் விழுந்தது. எங்கள் தீவின் மலைகளில் நிலக்கரி கிடையாது. அந்தத் துண்டு பழைய ரயில் எஞ்சினுக்காக இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, வழியில் சிந்தியது. எங்கள் ஆட்களும் தோட்ட வேலைக்காக அந்தக் கடலைத் தாண்டி வந்தவர்கள்தான்; இது உங்கள் மண் இல்லை என்று கேட்டுக் கேட்டே இங்கு வாழ்ந்தவர்கள்.

பரிசு வாங்கிய மேடையில், இது இந்த மண்ணிலேயே உண்டானது, இங்கேயே கிடந்தது, இந்த மண்ணுக்கே சொந்தமானது என்று நான் சொன்னேன். தோட்டத்திலிருந்து வந்திருந்த பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு கரித்துண்டுக்கு ஏன் இவ்வளவு கைதட்டல் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.